காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும்

கார் டயருக்குள் காற்றின் அழுத்தம் 2 பாருக்குக் கொஞ்சம் மேலே. லாரி டயரில் 8 பார். பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கும் கம்ப்ரஸர் 10 பார் வரை தம் கட்டும். ஏர் ரைஃபிளின் குழலுக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய சிலிண்டர் கேட்பதோ 200 பார். சில மாடல்கள் 300 கேட்கும். ஒரு பார் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. அப்படியானால் கட்டைவிரல் நகம் அளவு இடத்தின் மீது 300 கிலோவுக்கு மேல் அழுத்திக்கொண்டிருக்கிறது.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இப்படிப்பட்ட காற்றுத் துப்பாக்கியால்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் இதே பிரிவில். 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு, 10 மீட்டர் தூரம், அரை மில்லிமீட்டர் அகலமே உள்ள மையப் புள்ளி. வெடிமருந்து கிடையாது. சிலிண்டரை ஒருமுறை நிரப்பினால் பல நூறு முறை சுடலாம். உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு அழுத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும். துப்பாக்கியைப் பற்றிப் பேச ஆள் நிறைய உண்டு. அதற்குக் காற்று ஊட்டும் சின்ன எந்திரத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கென்னவோ அதுதான் சுவாரசியமாகப் படுகிறது.

துப்பாக்கிக்குக் காற்று ஊட்டும் தொல்லை இன்று நேற்று வந்ததல்ல. 1780 வாக்கில் ஆஸ்திரியப் படை ஜிராண்டோனி என்பவர் வடிவமைத்த காற்றுத் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. சத்தம் குறைவு, புகை இல்லை, இருபது குண்டுகளை அடுத்தடுத்துச் சுடலாம். அந்தக் காலத்துக்கு அது பெரிய அதிசயம். ஆனால் அதன் காற்றுக் குடுவையைக் கைப்பம்பால் நிரப்ப சுமார் 1500 முறை அடிக்க வேண்டும். அப்படி அடித்தும் கிடைத்தது 50 பார் அளவுதான். குடுவையைக் கசியாமல் செய்வதும், தோல் வாஷர்களைப் பதமாக வைத்திருப்பதும், பழுது பார்க்கத் தெரிந்த ஆளைப் போர்க்களத்துக்கு அழைத்துப் போவதும் பெரும்பாடாக இருந்தன. அது படையிலிருந்து மறைந்ததற்கு இந்தப் பராமரிப்புச் சுமையும் ஒரு காரணம்.

இன்று வீட்டு மேசைக்கடியில் வைத்துவிடக்கூடிய கம்ப்ரஸர் இருக்கிறது. ஒன்றரை, இரண்டு கிலோவாட் மோட்டார். இரண்டே பிஸ்டன். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். அதில் மூழ்கிக் கிடக்கும் குட்டி பம்பு, பிஸ்டன் ஓடும் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீரை ஓட்டிக்கொண்டே இருக்கும். முதல் பிஸ்டன் பருமனானது. அது வெளிக்காற்றை இழுத்து 17 பார் அளவுக்கு நெருக்கி அடுத்ததற்கு அனுப்பும். இரண்டாவது பிஸ்டன் ஒரு கம்பி போல ஒல்லியாக இருக்கும். அதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனை 300 பாருக்கு எதிராகத் தள்ள வேண்டுமானால் அதன் தலையில் ஏறும் சுமை ஆறு டன். அவ்வளவு தாங்கும் கிராங்க்கும் பேரிங்கும் போட்டால் எந்திரத்தை மேசைக்கடியில் வைக்க முடியாது. பரப்பைக் குறைத்தால் சுமையும் குறையும்.

இரண்டு கட்டமாகப் பிரிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது சூடு. காற்றை நெருக்கினால் சூடேறும் என்பது சைக்கிள் பம்பைத் தொட்டுப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு ஏறும் என்பதுதான் மலைக்க வைக்கும். 27 டிகிரி காற்றை, சூடு வெளியேற வழியில்லாமல், ஒரே மூச்சில் 300 பாருக்கு நெருக்கினால் அதன் வெப்பம் 1250 டிகிரியைத் தாண்டும். செம்பே உருகிவிடும். இரண்டு கட்டமாக்கி, நடுவில் நன்றாக ஆறவிட்டால் ஒவ்வொரு கட்டத்திலும் 400 டிகிரி. மூன்று கட்டமென்றால் 240. நான்கென்றால் 180. காசுள்ளவர்கள் மூன்று, நான்கு கட்ட எந்திரம் வாங்குவது இதற்காகத்தான். இரண்டு கட்டத்தோடு மல்லுக்கட்டும் மலிவு எந்திரத்தின் உயிர் முழுக்க அந்த வாளித் தண்ணீரில் இருக்கிறது. மேலே சொன்ன எண்கள் சூடு துளியும் வெளியேறாது என்று வைத்துப் போட்ட கணக்கு. உண்மையில் சிலிண்டர் சுவர் வழியாகத் தண்ணீர் அதில் நல்ல பங்கைப் பறித்துக்கொள்கிறது. அது பறிக்கத் தவறும் நாளில் கணக்குப் புத்தகத்து எண் நிஜமாகத் தொடங்கும்.

மலேயா, போர்னியோ பக்கத்து மக்கள் காற்றை நெருக்கிச் சூடேற்றும் வித்தையைப் பல தலைமுறைகளாகக் கையாண்டிருக்கிறார்கள். மூங்கிலிலோ கொம்பிலோ செய்த ஒரு குழாய், அதில் கச்சிதமாக இறங்கும் தண்டு, தண்டின் நுனியில் கொஞ்சம் பஞ்சு. ஓங்கி ஒரு குத்து. உள்ளே இருக்கும் காற்று நெருங்கிச் சூடேறிப் பஞ்சு கனன்றுவிடும். 1897-ல் ஜெர்மனியில் ருடால்ஃப் டீசல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய என்ஜினும் இதே அடிப்படைதான்: தீப்பொறி வேண்டாம், நெருக்கிய காற்றில் எரிபொருளைத் தெளித்தால் தானே பற்றும்.

நம் கம்ப்ரஸரில் எரிபொருள் எங்கிருந்து வருகிறது? பிஸ்டன் தேயாமல் இருக்க ஊற்றுகிறோமே, அந்த ஆயில்தான். ரிங்கைத் தாண்டி மேலேறும் மெல்லிய ஆயில் படலம் கொதிக்கும் காற்றில் ஆவியானால், நமக்குத் தெரியாமலேயே எந்திரம் ஒரு டீசல் என்ஜினாக மாறிவிடும். பெரும்பாலும் பெரிய வெடிப்பு எதுவும் நடக்காது. ஆயில் கருகி, வால்வின் மேல் கரி படியும். வால்வு சரியாக மூடாது. மூடாத வால்வு வழியே சூடான காற்று திரும்பி வந்து மறுபடி நெருக்கப்படும். சூடு இன்னும் ஏறும். இந்தச் சுழலில் மாட்டிய எந்திரம் அதிக நாள் தாங்காது. அதனால்தான் தயாரிப்பாளர் சொன்ன கெட்டித்தன்மையுள்ள சிந்தெடிக் கம்ப்ரஸர் ஆயிலை மட்டும் ஊற்றச் சொல்கிறார்கள். பைக்குக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறதே என்று என்ஜின் ஆயிலை ஊற்றுவது சிக்கனமல்ல, செலவு. அளவுக் கோட்டுக்கு மேலே ஊற்றுவதும் தப்பு. அதிகமான ஆயில் மேலே ஏறத்தான் செய்யும். புது எந்திரத்தின் முதல் ஆயிலைச் சில மணி நேர ஓட்டத்திலேயே மாற்றிவிட வேண்டும். புதுப் பாகங்கள் ஒன்றோடொன்று உரசிப் பழகும்போது உதிர்ந்த உலோகத் தூள் முழுக்க அதில்தான் மிதக்கும்.

இனி தண்ணீருக்கு வருவோம். என் கணக்கில் பராமரிப்பின் முக்கால் பங்கு இதுதான்.

சென்னையில் ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரி வெயில், 75 விழுக்காடு ஈரப்பதம். அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 23 கிராம் தண்ணீர் ஆவியாகக் கலந்திருக்கிறது. துப்பாக்கிக்காகக் காற்றைச் சேர்த்து வைக்கும் 9 லிட்டர் சிலிண்டரை 300 பாருக்கு நிரப்ப சுமார் 2.4 கன மீட்டர் காற்று வேண்டும். (பள்ளியில் படித்த பாயில் விதிப்படி பார்த்தால் 2.7 வர வேண்டும். இவ்வளவு நெருக்கத்தில் மூலக்கூறுகளே இடத்தை அடைக்கத் தொடங்குவதால் பத்து விழுக்காடு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அப்படியும் உள்ளே போன காற்றின் எடை 2.8 கிலோ இருக்கும்.) அந்தக் காற்றோடு சேர்ந்து வரும் தண்ணீர் 55 கிராம். ஓர் இடம் எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பதைப் பெரும்பாலும் அந்த இடத்தின் கொள்ளளவும் வெப்பமும்தான் தீர்மானிக்கின்றன. கூட எவ்வளவு காற்றைத் திணித்திருக்கிறோம் என்பது அதிகம் பொருட்டில்லை. 9 லிட்டர் இடத்தில் 30 டிகிரியில் ஒரு கிராம்கூட ஆவியாக நிற்க முடியாது. மிச்சம் அத்தனையும் தண்ணீராகத் திரண்டே தீர வேண்டும். அதுவும் இந்த அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டிலேயே திரளத் தொடங்கிவிடும். கொதிநிலையைத் தாண்டிய சூட்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்!

அது சிலிண்டருக்குள் போனால் எஃகு உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும். உள்ளே சுவர் மெலிந்துகொண்டிருக்கும். துப்பாக்கிக்குள் போனால் வால்வும் ரெகுலேட்டரும் கெடும். அதனால்தான் எந்திரத்தின் பக்கவாட்டில் நீர் பிரிப்பானும் அதன் அடியில் ஒரு திருகும் வைத்திருக்கிறார்கள். ஓட்டத்தின்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது அந்தத் திருகைத் திறந்துவிட வேண்டும். சீறிக்கொண்டு வெளியே வருவது நீரும் ஆயிலும் கலந்த வெண்ணிறக் குழம்பு. முகத்தையும் கையையும் விலக்கி வைத்துக்கொண்டு திறப்பது நல்லது. எந்திரத்தை நிறுத்தும் முன் திருகைத் திறந்துவிட்டுச் சில நிமிடம் சுமையில்லாமல் ஓடவிட்டால் உள்ளே மிஞ்சிய ஈரமும் வெளியேறும். சிலர் வாளியில் ஐஸ் கட்டிகளைக் கொட்டுகிறார்கள். சூட்டுக்கு நல்லதுதான். ஆனால் அளவு மீறிக் குளிர்ந்த சுவரில் தண்ணீர் சீக்கிரமே திரண்டு ஆயிலோடு கலந்துவிடக்கூடும். ஆயில் கண்ணாடியில் பார்க்கும்போது மோர் போல வெளுத்திருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. உடனே மாற்றிவிட வேண்டியதுதான்.

பிரிப்பானைத் தாண்டி வரும் ஈரத்துக்கு ஃபில்டர். அதில் நிரப்பும் மணிகள் ஜியோலைட் என்ற கனிம வகை. அவற்றில் ஒரு நானோமீட்டர் அளவு துளைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. நீர் மூலக்கூறு உள்ளே நுழைந்தால் ஒட்டிக்கொள்ளும். டப்பாவைத் திறந்து வைத்தால் அறைக் காற்றின் ஈரத்தையே குடித்து நிரம்பிவிடும் என்பதால் காற்றுப் புகாமல் மூடி வைக்க வேண்டும். கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் வளையங்களுக்குச் சிலிக்கோன் கிரீஸ்தான்; பெட்ரோலியக் கிரீஸ் பற்றிக்கொள்ளும் பொருள்.

வாளியில் போர்வெல் தண்ணீர் வேண்டாம். நம் ஊர் உப்புத் தண்ணீர் சூட்டில் சுண்ணாம்புப் படிவத்தை விட்டுச் செல்லும். அது உலோகத்தைப் போலச் சூட்டைக் கடத்தாது. வாளி நிறையத் தண்ணீர் ஓடும். சிலிண்டர் மட்டும் வெந்துகொண்டிருக்கும். காய்ச்சி வடித்த நீரோடு கார் கூலண்ட் கலந்தால் போதும்.

கேஜ் காட்டுவதையும் அப்படியே நம்ப முடியாது. அவசரமாக நிரப்பிய சிலிண்டர் 60 டிகிரியில் 300 பார் காட்டினால், 30 டிகிரிக்கு ஆறிய பிறகு 273 தான் மிஞ்சும். எங்கோ கசிகிறது என்று எல்லாவற்றையும் கழற்றிப் போடுமுன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

300 பார் ஏறிய 9 லிட்டர் சிலிண்டர் திடீரென்று பிளந்தால் வெளிப்படும் ஆற்றல் ஒரு டன் காரை 50 மீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதும். அதனால் சிலிண்டரின் பலத்தைக் காற்றால் சோதிக்க மாட்டார்கள். தண்ணீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல வழக்கமாக ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்ப்பார்கள். தண்ணீர் அவ்வளவாகச் சுருங்காது. சுருங்காததால் ஆற்றலைச் சேர்த்தும் வைக்காது. சோதனையில் சிலிண்டர் கிழிந்தாலும் தண்ணீர் கொட்டுவதோடு போகும். சிலிண்டரில் பொறித்திருக்கும் சோதனைத் தேதி கடந்துவிட்டால் நிரப்பாதீர்கள்.

எந்திரத்தில் ஒரு சின்னச் செம்புத் தகடு இருக்கும். அழுத்தம் எல்லை மீறினால் முதலில் கிழிய வேண்டியது அதுதான். அதற்காகவே அதை மெல்லிதாகச் செய்திருக்கிறார்கள். அடிக்கடி கிழிகிறதே என்று இரண்டு தகட்டைச் சேர்த்துப் போடாதீர்கள். இந்தக் காற்றை முக்குளிக்கும் சிலிண்டரில் நிரப்பவும் கூடாது. கருகிய ஆயில் கார்பன் மோனாக்சைடை விடும்; அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தானாக நின்றுவிடும் சுவிட்ச் இருந்தாலும் சிலிண்டர் நிரம்பும்வரை பக்கத்திலேயே இருங்கள். டீயைப் பிறகு குடித்துக்கொள்ளலாம்.