உப்புக் காற்றில் இரும்பு – 9: நுரை செய்யும் வேலை என்ன?

கடலுப்பு எப்படிக் கூரையில் ஏறுகிறது, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டும் இரவுகளில் எப்படித் தானாகவே நீராகி இரும்பைத் தின்னத் தொடங்குகிறது என்பதெல்லாம் வாசித்தவர்களுக்கு நினைவிருக்கும். மறந்தவர்கள் பழைய இதழ்களைத் தேடிக்கொள்ளட்டும். இந்த வாரம் வண்டியின் அடிப்பக்கம் என்று வாக்களித்திருந்தேன். கழுவுவதைப் பற்றி ஒரு பந்தி எழுதிவிட்டு அங்கே போகலாம் என்று உட்கார்ந்தால், சவர்க்காரம் வழிமறித்துக்கொண்டது.

நன்றாக நுரைப்பதே நல்ல சவர்க்காரம் என்ற நம்பிக்கைதான் பொத்துவில் கார்களின் மினுக்கத்தைப் பாதி கெடுக்கிறது என்பது என் கட்சி. உப்பைக் கழற்றச் சவர்க்காரமே தேவையில்லை. வெறும் தண்ணீரில் அது கரைந்து ஓடிவிடும். சவர்க்காரத்துக்கு வேலை இருப்பது எண்ணெய்ப்பசையிலும், அதைவிட மேலாக, மணலிலும்தான். கடற்கரை மணலிலுள்ள குவார்ட்ஸ் துகள் இரும்பையே கீறக்கூடியது. காரின் நிறத்துக்கு மேலே பூசப்பட்டிருக்கும் கண்ணாடிப் பூச்சோ தலைமயிரைவிட மெல்லியது. உல்லையிலிருந்தும் பாணமை வீதியிலிருந்தும் திரும்பிய வண்டியில் ஸ்பொஞ்சை வைத்து வட்டம் வட்டமாகத் தேய்ப்பவர், கழுவுகிறேன் என்று மணற்தாள் போடுகிறார். துகளுக்கும் பூச்சுக்கும் நடுவே ஒரு வழுக்கலைப் பரப்பி, துகளைத் தூக்கிக்கொண்டு போவதே சவர்க்காரத்தின் வேலை. நுரை பொங்கினால் வழுக்கலும் கூடிவிட்டது என்று அர்த்தமில்லை.

இதற்குச் சாட்சி நம் தென்னையிடமே இருக்கிறது. சாதாரணச் சவர்க்காரம் கடல்நீரில் நுரைக்காது, தயிர்போலத் திரிந்துவிடும். தேங்காய் எண்ணெயில் செய்தது மட்டும் கடல்நீரிலும் நுரைக்கும். நன்னீரைச் சொட்டுச் சொட்டாக எண்ணிச் செலவழித்த கப்பற்காரர்களுக்கு அதையே ‘கடற் சவர்க்காரம்’ என்று விற்றார்கள். காரணம் எளிது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லோரிக் அமிலம். அதன் கரிமச் சங்கிலியில் 12 அணுக்கள்தான். மாட்டுக்கொழுப்பில் பெரும்பாலும் 16, 18. சங்கிலி குட்டையாக இருப்பதால் உப்பு அதை நீரைவிட்டு எளிதில் துரத்த முடிவதில்லை. சவர்க்காரத் தொழிற்சாலையில் காய்ச்சிய குழம்பிலிருந்து சவர்க்காரத்தைப் பிரித்தெடுக்கப் போடுவதும் உப்பைத்தான். தேங்காய் எண்ணெய்க் குழம்புக்கு அது மிக அதிகமாகப் போட வேண்டியிருக்கும். வில்லியம் லீவர் 1885இல் வாரிங்டனில் சன்லைட் காய்ச்சத் தொடங்கியபோது வெறும் மாட்டுக்கொழுப்பை நம்பியிருக்காமல் கொப்பரை எண்ணெயையும் செம்பனை விதை எண்ணெயையும் நாடினார். நன்றாக நுரைத்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். கொப்பரை தேடி அவருடைய நிறுவனம் சொலமன் தீவுகள்வரை போய்த் தோட்டம் போட்டது தனிக்கதை. அதை இங்கே அவிழ்த்தால் அடிப்பக்கம் அடுத்த வருடம்தான் வரும்.

அப்படியானால் தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரத்தாலேயே காரைக் கழுவலாமே என்பீர்கள். கூடாது. பெயரிலேயே காரம் இருக்கிறது: எந்த எண்ணெயில் செய்தாலும் கட்டிச் சவர்க்காரத்தின் கரைசல் காரத்தன்மை உடையதுதான், அது பூச்சின் மேலுள்ள மெழுகைத் தளர்த்தும். கிணற்று நீரில் கல்சியம் இருந்தால், நுரைத்த பிறகும் வெள்ளைப் படலம் மிஞ்சும். பாத்திரம் கழுவும் திரவம் திரியாது, விலையும் மலிவு என்பது அடுத்த வாதம். உண்மைதான். ஆனால் அது கறிச்சட்டியின் கொழுப்பை அறுக்கப் பிறந்தது, மெழுகையும் விட்டுவைக்காது. மெழுகு பூசுவதற்கு முன் ஒருமுறை பாவிக்கலாம், கிழமைதோறும் அல்ல. காரமோ அமிலமோ தூக்கலாக இல்லாத வாகன ஷாம்பு ஒரு மூடி போதும். வெறும் மினுக்கத்துக்கா இவ்வளவு பாடு என்று கேட்பவர்களுக்கு: 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இருக்கிற வண்டியைக் காப்பாற்றுவது என்ன விலை பெறும் என்று அந்த ஐந்து வருடங்கள் காட்டின.

கனமான ஆட்சேபம் தண்ணீரைப் பற்றியது. மழை அபூர்வமான மே முதல் செப்டெம்பர் வரைதான் உப்பும் படிந்துகொண்டே போகிறது. மாரியில் வானமே கழுவிவிடும். வறண்ட மாதத்தில் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவது அநியாயம்தான். ஆனால் நீரை வீணாக்குவது பெரும்பாலும் நுரைதான்: அதிகம் நுரைத்தால் அதை அலச அவ்வளவு நீர் வேண்டும். முதலில் சவர்க்காரமில்லாமல் மேலிருந்து கீழே ஊற்றி உப்பையும் மணலையும் ஓடவிட வேண்டும். கையிலிருக்கும் தண்ணீரில் பெரும்பங்கு இதற்குத்தான். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு, மற்றதில் துணியை அலச வெறும் நீர். இரண்டாவது வாளியின் அடியில் தங்கும் மணலைப் பார்த்தால், ஒரே வாளியில் கழுவியபோது அது எங்கே போயிற்று என்பது விளங்கும். நிழலில், நேர்கோட்டில், சில்லுகளைக் கடைசியாக. முடிந்ததும் உலர்ந்த துணியால் ஒற்றிவிட வேண்டும், கிணற்று நீர் காய்ந்தால் புள்ளி விழும்.

அடிப்பக்கம் அடுத்த வாரம். அறுகம்குடாவில் அலைச்சறுக்குப் பலகை ஏற்றும் ஓட்டோக்களின் கூரையிலிருந்து வடியும் கடல்நீர் எந்தத் தகர மடிப்பில் போய் ஒளிந்துகொள்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன், வேறேதும் வழிமறிக்காவிட்டால்.