அவையின் வாயிற்படி

சங்கம் என்னும் சொல் தமிழர்க்குப் புதியதன்று. புலவர் கூடித் தமிழாய்ந்த அவையையும் அச்சொல்லாற் குறித்தோம். துறவியர் கூட்டத்தையும் அச்சொல்லாற் குறித்தோம். எனினும் ஒரு சங்கத்தின் இயல்பை அறிய வேண்டின், உள்ளிருப்போரை எண்ணினாற் போதாது. வாயிற்படியில் நிறுத்தப்பட்டோர் யாவர் என்றும் கேட்டல் வேண்டும். ஆங்கிலராட்சிக் காலத்துச் சகோதர சங்கங்களிலே யூதர் பெற்ற இடம் இதற்கு நல்லதொரு சான்றாகும்.

1723ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த பிறீமேசன் சங்க விதிநூல், உறுப்பினரை ஒரு சமயக் கோட்பாட்டிற் கட்டாது, எல்லா மாந்தரும் உடன்படும் நெறியொன்றையே வேண்டிற்று. ஆதலின் 1730களிலேயே அந்நகரத்து யூதர் சிலர் அதிற் சேர்ந்தனர். பிரித்தானியப் பாராளுமன்றத்தில் யூதர் ஒருவர் தம் சமயத்துக்கு மாறுபடாது உறுதிமொழி கூறி அமர்வதற்கு 1858 வரை காத்திருக்க நேர்ந்ததை நோக்கின், இச்சிறு கதவின் அருமை விளங்கும்.

ஆயினும் எல்லாக் கதவுகளும் திறந்தில. பிரசிய நாட்டு மன்றங்கள் பல யூதரை விலக்கின. 1843இல் நியூயோர்க்கிற் குடியேறியிருந்த யூதர், 'பினாய் பிரித்' என்னும் தமக்கேயுரிய சகோதர சங்கத்தை நிறுவினர். அதே ஆண்டிற் பம்பாயில் இந்தியரையும் ஏற்கும் மேசன் மன்றம் ஒன்று தோன்றியது. மாணெக்ஜி கர்செட்ஜி என்னும் பார்சிப் பெரியாரை அந்நகரத்தில் முன்னர் ஏற்க மறுத்தமையே அதற்குத் தூண்டுகோலாயிற்று. 1886இல் இலாகூர் மன்றத்திற் சேர்ந்த கிப்ளிங், பிரமசமாசத்தவரும் முஸ்லிமும் ஆங்கிலரும் தம்மைப் படிப்படியாக ஏற்றதையும், அங்கே வாயில் காத்தவர் இந்திய யூதர் என்பதையும் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 1905 முதல் 1907 வரை இங்குள்ள கச்சேரியிற் பணிபுரிந்த லெனாட் வூல்ப் ஒரு யூதர். ஆங்கிலத் திருச்சபை சாராதார்க்குக் கேம்பிறிட்ஜிற் பதவிகள் பெரும்பாலும் திறந்துவிடப்பட்டது 1871இலேதான். அப்பல்கலைக்கழகத்திலே 1820இல் தோன்றிய 'அப்போஸ்தலர்' என்னும் மறைவான உரையாடற் கழகம் 1902இல் அவரை உறுப்பினராக்கிற்று. உண்மையைத் தவிர வேறு தலைவரை அறியாத நட்பை அங்கே பெற்ற அவர், வோல்ட்டேரின் தொண்ணூறு தொகுதிகளோடு இலங்கைக்கு வந்து, நம் கோட்டைக் கொத்தளத்தின் மேலிருந்த பங்களாவிற் குடியிருந்தார். ஆனால், இலங்கையில் அவர் வாழ்ந்த வெள்ளையர் வட்டம் வேறு. பின்னர் தாம் சென்ற கண்டியின் கழகத்திலே வெள்ளையரன்றிப் பிறர்க்கு இடமில்லை என்பதை அவரே எழுதியுள்ளார். தம் குலத்தோர் நெடுங்காலம் வெளியே நின்ற வாயிலுக்கு அவர் உள்ளே இருந்தார். நம் முன்னோர் வெளியே நின்றனர்.

ஒருமுறை யாழ்ப்பாணத்துப் பெருந்தெருவிற் குதிரைமேற் சென்றபோது, வூல்ப் தம்மைச் சவுக்கால் முகத்தில் அடித்தார் என ஒரு வழக்கறிஞர் முறையிட்டார். வூல்ப் அதனை மறுத்தார். எனினும் 1961இல் வெளிவந்த தம் வரலாற்று நூலிலே, அவர்தம் ஊர்த்தெருவிற் குதிரைமேல் அவ்வாறு செருக்கோடு வீற்றிருந்ததே அவர்க்கு ஓர் அறைக்கு ஒப்பாகும் என்று எழுதினார். கை படாமலும் ஒருவன் முகத்தில் அடித்தல் கூடும் என்னும் அறிவு எளிதில் வாய்ப்பதன்று.

அவ்வறிவு நமக்கு வாய்த்ததா? 1929, 1930ஆம் ஆண்டுகளில் பாடசாலையிற் சம ஆசனம் என்றபோது இக்குடாநாட்டில் எழுந்த எதிர்ப்பை நாம் அறிவோம். சாதியாற் பிறரைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957இல் நிறைவேறிய பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் அடியாரை மறித்து நின்றோர் ஆங்கிலரல்லர்; நம்மவரே.

மறிக்கப்பட்டவன் பிறனை மறியான் என்பது உலகியலன்று. அதனை நன்கு கற்பித்தாலன்றி எவரும் கற்பதில்லை. வரலாற்றை நாம் மாணாக்கர்க்கு ஓதுவது அதன்பொருட்டே.