போரில் கிடைத்த துப்பாக்கியா? ஒரு பழைய ஏர் ரைபிளைப் பிரித்துப் பார்த்த கதை

நான் இருக்கும் இங்கிலாந்துத் தெருவில் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எழுபது வயது. தோட்டத்துக் கொட்டகையைக் காலி செய்துகொண்டிருந்தவர், ஒரு சனிக்கிழமை பழைய கம்பளியில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். நான் பழைய கடிகாரம், தையல் மெஷின் எல்லாம் பிரித்து மாட்டுவது அவருக்குத் தெரியும்.

உள்ளே ஒரு ஏர் ரைபிள். துரு, ஒட்டடை, கட்டை முழுக்கப் பெயின்ட் துளிகள்.

"எங்க அப்பா 1945-ல ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்தது. போர் முடிஞ்சதும் அங்கே கிடைச்சதுன்னு சொல்வார். எனக்குப் பன்னிரண்டு வயசுல கொடுத்தார். புதுசு மாதிரி பண்ணிக் கொடுங்க, பேரன் பெரியவனானதும் கொடுக்கணும்" என்றார்.

சரி என்று வாங்கி வைத்துவிட்டேன். ஆனால் அதைத் திருப்பிப் பார்த்த முதல் நிமிஷமே ஒரு சந்தேகம். அதைச் சொல்வதற்கு முன் இந்த வகைத் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

மெரினாவில் பலூன் சுட்டவர்களுக்கு இது பழக்கமான சாமான்தான். கடைக்காரர் துப்பாக்கியை நடுவில் மடக்கி, ஒரு குண்டைச் சொருகி, நிமிர்த்தி நம் கையில் கொடுப்பார். வெடிமருந்து கிடையாது. குழலை மடக்கும்போது ஒரு நெம்புகோல் உள்ளே இருக்கும் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுகிறது, கனமான ஸ்பிரிங் சுருங்குகிறது, கொக்கி பிடித்துக்கொள்கிறது. ட்ரிகரை இழுத்ததும் பிஸ்டன் முன்னால் பாய்கிறது. சிலிண்டரில் இருக்கும் காற்று நொடியில் நசுங்கி, ஒரு சின்ன ஓட்டை வழியாகக் குண்டின் பின்பக்கத்தை அடிக்கிறது. பலரும் நினைப்பதுபோல ஸ்பிரிங் குண்டைத் தள்ளுவதில்லை, தள்ளுவது காற்று. அதனால் காற்று எங்கே கசிந்தாலும் பலம் போய்விடும்.

இனி சந்தேகத்துக்கு வருகிறேன். சிலிண்டரின் மேல் துருவுக்கு நடுவே 'ஒரிஜினல் மாடல் 27', 'மேட் இன் ஜெர்மனி' என்று பொறித்திருந்தது. ஜெர்மனி சரி. அந்த 'ஒரிஜினல்' தான் இடித்தது.

ஜெர்மனியில் ராஷ்டட் என்ற ஊரில் மேயர் அண்ட் கிராமல்ஷ்பாஹர் என்ற கம்பெனி 1890-ல் தொடங்கியது. அவர்களுடைய பெயர் பெற்ற வணிகச் சின்னம் 'டயானா', ரோமானியர்களின் வேட்டைத் தெய்வம். அந்தச் சின்னத்தில் அம்மணி வில்லையும் அம்பையும் கீழே போட்டுவிட்டு ஏர் ரைபிளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருப்பார். விளம்பரத்தில் இவ்வளவு கூச்சமில்லாத கம்பெனியை நான் பார்த்ததில்லை! மாடல் 27 அவர்கள் செய்ததிலேயே அதிகம் பேர் ஆசைப்பட்டு வைத்திருக்கும் துப்பாக்கிகளில் ஒன்று. நடுத்தர அளவு, பையன்கள் மடக்க முடிகிற ஸ்பிரிங், பெரியவர்கள் சுட்டாலும் அலுக்காத ட்ரிகர்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி தோற்றதும், வென்ற நாடுகள் அந்தத் தொழிற்சாலையின் இயந்திரங்களை எடுத்துக்கொண்டன. அவை ஸ்காட்லாந்தில் மில்ப்ரோ என்ற கம்பெனிக்குப் போயின. இயந்திரத்தோடு 'டயானா' என்ற பெயரும் போய்விட்டது. மில்ப்ரோ அந்தப் பெயரிலேயே துப்பாக்கி செய்து விற்றது. 1950 வாக்கில் ராஷ்டட்காரர்கள் மறுபடி உற்பத்தியைத் தொடங்கினார்கள். சொந்த நாட்டில் டயானா என்று போட்டுக்கொள்ளலாம், பிரிட்டனில் விற்கும்போது முடியாது. அதனால் பிரிட்டனுக்கு அனுப்பிய சரக்கில் 'ஒரிஜினல்' என்று பொறித்தார்கள். பெயரைப் பறிகொடுத்தவன் 'நான்தான்யா அசல்' என்று சொல்வது மாதிரி. 1984-ல்தான் டயானா என்ற பெயர் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. (இதே மாடல் 27 அமெரிக்காவில் ஹை-ஸ்கோர் 807, வின்செஸ்டர் 427 என்ற பெயர்களில் விற்றது. ஒரே பிள்ளைக்கு ஊருக்கு ஒரு பெயர்.)

ஆக, 'ஒரிஜினல்' என்று பொறித்த மாடல் 27 போர் முடிந்த வருஷம் ஜெர்மனியில் கிடைத்திருக்க வழியில்லை. போருக்குப் பிறகு, பிரிட்டிஷ் கடைகளுக்காகவே செய்தது.

எந்த வருஷம் என்று தெரிய இன்னொரு தடயம் வேண்டும். இந்தக் கம்பெனி சிலிண்டரின் பின்கோடியில், இடப்பக்கம், கட்டையை ஒட்டினாற்போல மாதமும் வருஷமும் சின்ன எண்களாக அடித்திருப்பார்கள். நான் ரொம்ப வருஷம் முன்பு வேறொரு பழைய துப்பாக்கியைப் பளபளப்பாக்குகிறேன் என்று எமரி தாளால் தேய்த்து, அந்த எண்களைச் சுத்தமாக அழித்துவிட்டேன். பளபளப்பு வந்தது, வயசு போய்விட்டது. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

அதனால் இந்த முறை கம்பி பிரஷ், எமரி எதையும் தொடவில்லை. லேசான எண்ணெய் தடவி இரண்டு நாள் ஊறவிட்டு, மிக மெல்லிய இரும்புப் பஞ்சால் அழுத்தாமல் ஒத்தி எடுத்தேன். சிவப்புத் துரு எண்ணெயோடு கரைந்து வந்துவிடும், அடியில் இருக்கும் கருநீல மேற்பூச்சு தங்கிவிடும். மூன்றாவது தடவை ஒத்தியபோது எண்கள் தெரிந்தன. 09 67. செப்டம்பர் 1967.

அதை எழுதி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

முதலில் குண்டு எதுவும் உள்ளே இல்லை என்று பார்க்க வேண்டும். அடுத்து ஸ்பிரிங் விறைத்த நிலையில் இல்லை என்று பார்க்க வேண்டும். குழல் மடங்கியிருக்கும்போது ட்ரிகரைத் தொடவே கூடாது. குழல் பாய்ந்து மூடும், விரல் நடுவில் இருந்தால் விரல் போச்சு, இல்லையென்றால் குழலே மேல்நோக்கி வளைந்துவிடும். பழைய துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் முதலில் குழலைப் பக்கவாட்டில் வைத்துக் கண்ணால் ஓட்டிப் பாருங்கள்.

கட்டையைக் கழற்றியதும் பின்பக்கம் குறுக்கே இரண்டு பின்கள். அவற்றுக்குப் பின்னால் ஸ்பிரிங் அழுத்தத்தில் காத்துக்கொண்டிருக்கிறது. வெறுங்கையால் பின்னைத் தட்டினால் ட்ரிகர் பாகம் முகத்துக்கு வரும். தச்சர்கள் பலகை ஒட்டப் பயன்படுத்தும் நீளமான கிளாம்பில் துப்பாக்கியை வைத்து இறுக்கி, பின்களை எடுத்து, மெதுவாகத் தளர்த்தினேன். நினைத்தபடியே ஸ்பிரிங்கின் கடைசிச் சுருள் ஒடிந்திருந்தது. பிஸ்டன் தலையில் இருக்கும் தோல் வாஷர் அப்பளம் மாதிரி காய்ந்து கிடந்தது.

ட்ரிகர்தான் இந்த மாடலின் அழகு. சாதாரணத் துப்பாக்கியில் ஒரு கொக்கி பிஸ்டனைப் பிடிக்கும், ஸ்பிரிங்கின் முழு பலமும் அந்த ஒரு விளிம்பில் உட்காரும். இதில் பிஸ்டன் தண்டின் பள்ளத்தில் மூன்று எஃகு உருண்டைகள் சுற்றிப் பிடித்துக்கொள்கின்றன. வெளியே ஒரு உறை அவற்றை விலகவிடாமல் காக்கிறது. ட்ரிகர் அந்த உறையை நகர்த்தினால் போதும், உருண்டைகள் ஒதுங்கிவிடும். அதனால்தான் இழுப்பு அவ்வளவு மென்மை. திரும்ப மாட்டும்போது மூன்று உருண்டைகளும் கெட்டியான கிரீஸில் ஒட்டி நிற்க வேண்டும். எனக்கு மூன்று மணி நேரம் ஆனது, அதில் ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜுக்கு அடியில் ஓடிய உருண்டையைத் தேடியதற்கு.

புது ஸ்பிரிங், புதுத் தோல் வாஷர் போட்டேன். வாஷரை மாட்டுக் குளம்பு எண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவைத்தேன். தோல் மெத்தென்று விரிந்து சிலிண்டர் சுவரோடு ஒட்டினால்தான் காற்று நிற்கும். ஆனால் எண்ணெய் அதிகமானால் ஆபத்து. பிஸ்டன் காற்றை நசுக்கும்போது உண்டாகும் சூட்டில் எண்ணெய் டீசல் என்ஜினில் போலத் தீப்பிடிக்கும். படார் சத்தம், புகை, கொஞ்ச நாளில் மறுபடி ஒடிந்த ஸ்பிரிங். பழைய துப்பாக்கியில் கண்ட எண்ணெயை ஊற்றி 'என்ன பலம் பார்!' என்று மகிழ்பவர்கள் பார்ப்பது இதைத்தான்.

குழல் மூடும் இணைப்பில் ஒரு டிஷ்யூ தாள் துண்டை வைத்துச் சுட்டுப் பார்த்தேன், தாள் பறந்தது. அங்கேயும் ஒரு சின்னத் தோல் வளையம் உண்டு, அதையும் மாற்றினேன். அதற்குப் பிறகு தாள் அசையவில்லை. முன்பு வினாடிக்கு 95 மீட்டரில் நொண்டிக்கொண்டிருந்த 5.5 மில்லிமீட்டர் குண்டு இப்போது 140 மீட்டரில் போகிறது. 0.93 கிராம் குண்டுக்கு இது சுமார் 9 ஜூல். இங்கே லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய வரம்பு 16 ஜூலுக்குக் கொஞ்சம் மேல், ஆகவே கவலை இல்லை.

வெளியே அதிகம் தொடவில்லை. புதுசாகக் கருநீலம் ஏற்றவில்லை. பீச் மரக் கட்டையில் பெயின்ட் துளிகளை மட்டும் எடுத்து ஆளி விதை எண்ணெய் தேய்த்தேன். அடிப்பக்கம் பேனாக்கத்தியால் கீறிய இரண்டு எழுத்துகள் இருந்தன, அவற்றை அப்படியே விட்டேன்.

கொடுக்கப் போகும்போதுதான் தயக்கம். ஐம்பத்தெட்டு வருஷமாக நம்பின கதை. பேரனுக்கும் அதைத்தான் சொல்லப் போகிறார். வாயை மூடிக்கொண்டு வந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் எண்கள் இப்போது பளிச்சென்று தெரிகின்றன, நாளைக்கு யாராவது படித்துச் சொல்லிவிடுவார்கள். அதனால் 'ஒரிஜினல்' கதையையும் சொல்லி, பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தேன்.

ரொம்ப நேரம் பார்த்தார்.

"செப்டம்பரா?" என்றார்.

"ஆமாம். 1967."

"அந்த நவம்பர்லதான் எனக்குப் பன்னிரண்டு முடிஞ்சுது. புதுசு மாதிரி இருக்கேப்பான்னு கேட்டேன். இருபது வருஷமா எண்ணெய் போட்டு வெச்சிருந்தேன்னார்." சிரித்தார். "அந்த வருஷம் அப்பாவுக்கு ஆறு மாசமா வேலை இல்லை. வாங்கினதுன்னு சொல்லியிருந்தா அம்மா விட்டிருக்க மாட்டாங்க."

கம்பளியை மறுபடி சுற்றும்போது, அடிப்பக்கத்து எழுத்துகளை ஏன் தேய்க்கவில்லை என்று கேட்டார். சொன்னேன். அவை அவர் கீறினவைதானாம், அதற்கு வாங்கிய அடி இன்னும் ஞாபகம் இருக்கிறதாம்.