16 இன்ச் வீல், 29 பிஎஸ்ஐ

என்னுடையது 2016 மாடல் மாஸ்டா மியாட்டா. இரண்டே சீட், மேனுவல் கியர், எடை 1058 கிலோ. வாங்கும்போதே 17 இன்ச் வீலோடு வந்த கார். மிச்சிகன் ரோடுகளைப் பற்றி இங்கே வண்டி ஓட்டுபவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பனி உருகி ஏப்ரல் வந்தால் குழிகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ஒரே ரிம் இரண்டு தடவை வளைந்ததும், போதும்டா சாமி என்று 16 இன்ச்சுக்கு மாறினேன். ரிம் சின்னதானால் ரப்பரின் பக்கச்சுவர் உயரும், குழியில் விழுந்தால் அடியை அது வாங்கிக்கொள்ளும் என்பதுதான் கணக்கு.

மாற்றி இரண்டு வாரம் இருக்கும். லேசான தூறல். ஹைவேயிலிருந்து இறங்கும் வளைவில், பாலத்தின் இரும்பு இணைப்பு மேல் ஏறியதும் காரின் பின்பக்கம் ஒரு துள்ளு துள்ளி வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தது. வழக்கமாகப் போகிற வேகம்தான். பக்கத்து சீட்டில் மனைவி. வீடு வந்து சேரும்வரை ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "பழைய வீலையே போட்டுடுங்களேன்" என்றாள்.

எனக்கும் வீல் மேல்தான் சந்தேகம். ஒருவேளை புது டயரின் மேல்பூச்சு இன்னும் போகவில்லையோ என்றும் நினைத்தேன். முதல் சில நூறு மைலுக்குப் புது டயர் கொஞ்சம் வழுக்கும், அது உண்மைதான். ஆனால் அந்தத் துள்ளல் வழுக்கல் மாதிரி இல்லை. மறுநாள் காலை, வண்டியை எடுப்பதற்கு முன் கேஜை வைத்துப் பார்த்தேன். நான்கு டயரிலும் 38 பிஎஸ்ஐ. டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் மாஸ்டா போட்டிருப்பது 29.

டயர் மாற்றிய கடைக்குப் போன் செய்தேன். "வீல் சின்னதாகிடுச்சு இல்லையா, காத்து கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கணும். டயரிலேயே 51 வரைக்கும்னு எழுதியிருக்கு" என்றார் அங்கிருந்தவர். நல்ல மனுஷன்தான், அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் இரண்டுமே தப்பு. இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன்: பக்கச்சுவரில் இருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம். அந்த டயரை எந்தக் காரில் மாட்டப் போகிறார்கள் என்று டயர் கம்பெனிக்குத் தெரியாது. கதவில் இருப்பது இந்தக் காரின் எடையை வைத்துப் போட்ட எண்.

முதல் தப்புதான் சுவாரசியம். பழைய டயர் 205/45 ஆர்17. புதுசு 205/50 ஆர்16. 205 என்பது மில்லிமீட்டரில் அகலம். அடுத்த எண், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. பழையதில் 92 மி.மீ., புதியதில் 102.5. மொத்த விட்டம் 616-லிருந்து 611 ஆகிறது, ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை. ஸ்பீடோமீட்டருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதாவது வெளிவட்டம் கிட்டத்தட்ட அதே, உள்ளே ரிம்தான் சுருங்கியிருக்கிறது. அந்த இடத்தை நிரப்புவது காற்று. வீல் சின்னதானதால் டயருக்குள் காற்றின் கொள்ளளவு கூடியிருக்கிறது.

காரைத் தூக்கி நிறுத்துவது ரப்பர் அல்ல, உள்ளே அடைபட்ட காற்று. ஒவ்வொரு டயரிலும் அது எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்ல ஒரு குறியீட்டு எண் உண்டு. என் பழைய டயரில் 84, அதாவது 500 கிலோ. புதியதில் 87, அதாவது 545 கிலோ. தாங்கும் சக்தி கூடியிருக்கும்போது அழுத்தத்தைக் கூட்டுவதற்கு என்ன காரணம்? எண் குறைந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். ஆகவே வீல் மாற்றுகிறவர்கள் விட்டத்துக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். (போல்ட் எண்ணிக்கையையும் பாருங்கள். இதற்கு முந்தைய தலைமுறை மியாட்டாவின் 16 இன்ச் வீல் மலிவாகக் கிடைக்கும். அதில் ஐந்து ஓட்டை, என் காரில் நான்கு. நானே ஒரு செட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போய்த் தப்பித்தேன்.)

சரி, 9 பிஎஸ்ஐ கூடினால் என்ன ஆகிவிடும்? தோராயமாகக் கணக்குப் போடலாம். ஆள் இரண்டு பேரோடு கார் 1200 கிலோ. எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சமம் என்பதால் ஒரு டயருக்கு 300 கிலோ. (எஞ்சினைப் பின்னால் வைத்திருக்கும் போர்ஷே 911-ல் பின் டயருக்கு அதிக அழுத்தம் கேட்பது இதனால்தான்.) 29 பிஎஸ்ஐ என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 2.04 கிலோ. 300-ஐ அதால் வகுத்தால் 147 சதுர சென்டிமீட்டர், ஒரு 4x6 போட்டோ அளவு. ரோட்டைப் பிடித்திருப்பது அவ்வளவுதான். 38-ல் அது 112 ஆகிவிடுகிறது. ரப்பரின் விறைப்பும் கொஞ்சம் தாங்கும் என்பதால் நிஜத்தில் வித்தியாசம் இதைவிடக் குறைவு. ஆனால் போக்கு இதுதான். கூடவே, விறைத்த டயர் மேட்டை அமுங்கி விழுங்காமல் பந்து மாதிரி எகிறும். பாலத்து இணைப்பில் எனக்கு நடந்தது அதுதான்.

அப்படியானால் 22-க்கு இறக்கினால் இன்னும் நன்றாகப் பிடிக்குமா? அங்கே வேறு ஆபத்து. 1963-ல் நாசாவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் வால்டர் ஹார்னும் ராபர்ட் டிரெஹரும் விமான டயர்கள் தண்ணீரில் மிதப்பதைப் பற்றி எழுதினார்கள். அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35 ஆல் பெருக்கினால், தேங்கிய தண்ணீர் மேல் டயர் எத்தனை மைல் வேகத்தில் மிதக்கும் என்று கிடைக்கும். 29-க்கு 56 மைல், 22-க்கு 49. நல்ல பள்ளமுள்ள கார் டயருக்கு எண்கள் மாறும், ஆனால் திசை மாறாது. காத்து குறைந்தால் மிதப்பது சீக்கிரம். டயர் சூடாவது தனிக் கதை.

29 வைத்துவிட்டு சாக்பீஸ் சோதனை செய்தேன். டயரின் குறுக்கே கோடு போட்டு, நேரான தெருவில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்ப்பது. 38-ல் நடுவில் மட்டும் அழிந்த கோடு, 29-ல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அழிந்தது. 27-லும் பார்த்தேன், பெரிய வித்தியாசம் தெரியவில்லை, ஸ்டியரிங் மட்டும் லேசாகச் சோம்பேறியானது. 29-க்கே திரும்பிவிட்டேன்.

அளப்பதில் ஒரு பொறி உண்டு, நானே விழுந்தது. கராஜுக்குள் 20 டிகிரியில் 29 வைத்தேன். அக்டோபர் காலை வெளியே 3 டிகிரி. எவ்வளவு குறையும்? கேஜ் காட்டும் 29-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் 1.7 என்று வரும், தப்பு. கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் உள்ள மிச்சத்தைத்தான். வாயு விதிக்கு வெளிக்காற்றின் 14.7-ஐயும் சேர்த்து 43.7 என்று எடுக்க வேண்டும். அப்போது 2.5 குறைகிறது, கேஜில் 26.5. பிஇ படித்தவன், இதை மறந்ததை வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ராத்திரி முழுக்க வெளியே நின்ற வண்டியை, ஓட்டுவதற்கு முன் அளப்பதுதான் சரி. ஓட்டியபின் ஏறியிருக்கும் மூன்று நான்கு பிஎஸ்ஐயைத் திறந்து விடவும் கூடாது.

டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு இருக்கிறதே என்று கேட்கலாம். 2000-ல் ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரரில் ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேல்பட்டை கழன்று கவிழ்ந்த விபத்துகளுக்குப் பிறகு, அமெரிக்கச் சட்டத்தால் வந்த விளக்கு அது. அந்தச் சண்டையிலும் நடுவில் ஒரு பிஎஸ்ஐ எண் இருந்தது, ஃபோர்ட் சொன்னது 26, ஃபயர்ஸ்டோன் சொன்னது 30. சட்டப்படி விளக்கு எரிய வேண்டியது கதவு எண்ணைவிட 25 சதவீதம் குறைந்தால். எனக்கு 22-க்குக் கீழே. கூடுதலாக இருந்தால் எச்சரிக்கச் சொல்லி அந்தச் சட்டத்தில் இல்லை. அதனால்தான் 38-ஐ வைத்துக்கொண்டு இரண்டு வாரம் நான் நிம்மதியாகச் சுற்றினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி அதே வளைவு, அதே தூறல், அவள் பக்கத்தில். இணைப்பு மேல் ஏறியது, "டப்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். "வீலை மாத்திட்டீங்களா?" என்றாள். இல்லை, காத்தைத்தான் கொஞ்சம் இறக்கினேன் என்றேன். நம்பினாளா என்று தெரியவில்லை, ஆனால் கேஜை இப்போது அவள்தான் கார் டிராயரில் எடுத்து வைக்கிறாள்.