எஞ்சினுக்கு ஊட்டும் மிகைக் காற்று

பெட்ரோல் எஞ்சினுக்கு உணவு பெட்ரோல் என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நிறுத்துப் பார்த்தால், அது உட்கொள்வதில் பெரும்பகுதி காற்றே ஆகும். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலை வேண்டிய அளவு செலுத்துவது எளிது. அதற்கு ஈடான காற்றைச் சிலிண்டருக்குள் கொண்டு சேர்ப்பதுதான் கடினம். பிஸ்டன் கீழே இறங்கும்போது, வெளிக்காற்று தன் சொந்த அழுத்தத்தால் உள்ளே புகுகிறது. கடல் மட்டத்தில் அவ்வழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ. அதற்கு மேல் இயற்கை நமக்கு அளிப்பதில்லை. இவ்வாறு இயல்பாக மூச்சிழுக்கும் எஞ்சினுக்கு வலிந்து காற்றூட்டும் கருவியே டர்போசார்ஜர்.

'டர்போ' என்னும் லத்தீன் சொல்லுக்குச் சுழல்காற்று என்றும் பம்பரம் என்றும் பொருள் உண்டு. சொற்களோடு மல்லாடுவதையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு, இரு பொருளும் ஒரே கருவிக்கு இவ்வளவு பொருந்தி வருவது வியப்பாகவே இருக்கிறது. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சிறிய சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் உள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, நெருக்கி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. இப்பம்பரம் நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழல வல்லது. கரும்பாலையில் சாறு பிழிந்த சக்கையையே அடுப்பிலிட்டு அச்சாற்றைக் காய்ச்சுகிறார்கள் அல்லவா? வீணாகும் புகையைக் கொண்டே எஞ்சினுக்கு மூச்சளிப்பதும் அத்தகையதே.

இக்கருத்துக்கு 1905-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றவர் ஸ்விட்சர்லாந்தின் ஆல்பிரட் பியூக்கி. அமெரிக்காவில் சான்போர்டு மாஸ் என்னும் பொறியியலறிஞர், 1918-இல் ஒரு விமான எஞ்சினை 14,000 அடிக்கும் உயரமான பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்குக் கொண்டுசென்று சோதித்தார். காற்று மெலிந்த அவ்வுயரத்தில் சோர்ந்துபோக வேண்டிய எஞ்சின், டர்போவின் துணையால் கடல் மட்டத்துக்குரிய தன் வலிமையைக் குன்றாமல் தந்தது. விமானங்களிலும் கப்பல்களிலும் தொடங்கிய இந்த உத்தி, பின்னரே கார்களுக்கு வந்தது.

இதனைத் தொழிற்சாலையின் துணையின்றித் தாமே பொருத்திக்கொள்ள முனைவோரும் உண்டு. அவர்களுள் பலர் பிரிட்டனில் 'கிட் கார்' கட்டுவோர். உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி, வீட்டுக் கொட்டகையில் தாமே பூட்டிக்கொள்ளும் கார் அது. 1957-இல் வந்த லோட்டஸ் செவன் இவ்வகையில் புகழ்பெற்றது. உறுப்புகளாக விற்றால் அந்நாளில் கொள்முதல் வரி கிடையாது. ஆயின், பூட்டும் முறையை விளக்கும் குறிப்பு உடன் இருக்கலாகாதாம். ஆகவே, காரைக் கழற்றும் முறையை அச்சிட்டுத் தந்து, அதைத் தலைகீழாகப் படிக்கச் சொன்னார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. அரசாங்கச் சுற்றறிக்கைகளை மொழிபெயர்த்துப் பழகியவர்களுக்கு இதன் சுவை நன்கு விளங்கும்.

இப்போது இத்தகைய கார்களுக்கு எஞ்சினும் பிற உறுப்புகளும் பெரும்பாலும் ஒரு பழைய காரிலிருந்தே எடுக்கப்படுகின்றன. 1989-இல் வெளிவந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 அவ்வாறு பலருக்கும் உதவியது. அதன் எஞ்சின் 1598 கன சென்டிமீட்டர் கொள்ளளவும், ஏறத்தாழ 115 குதிரைத் திறனும் உடையது. இதற்கு அரை வளிமண்டல அளவு மிகையழுத்தம் தருவதாகக் கொள்வோம். காற்று ஒன்றரை மடங்கு. ஆகவே திறனும் ஒன்றரை மடங்கு என்று காகிதத்தில் கணக்கு எழுதிவிடலாம். ஆனால் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பைத் தொட்டுப் பார்த்தவர் எவரும் அறிவர்: நெருக்கப்படும் காற்று சூடாகிறது. 30 டிகிரி வெப்பத்தில் நுழையும் காற்று, டர்போவை விட்டு வெளிவரும்போது 85 டிகிரியை எட்டக்கூடும். சூடான காற்று விரிந்து லேசாகிவிடுவதால், உண்மையில் கிடைக்கும் மிகைக் காற்று நூற்றுக்கு 27 பங்கு அளவே. இடையில் ஒரு குளிர்விப்பானை அமைத்து 45 டிகிரிக்குக் கொண்டுவந்தால், அது நூற்றுக்கு 43 பங்கை நெருங்குகிறது. முன்புறத்தில் காற்று படும்படி அமைக்கும் அந்த அலுமினியப் பெட்டியை வீண் செலவென்று விட்டுவிடுவோர் உண்டு. டர்போ விலை கொடுத்து வாங்கிய காற்றில் ஒரு பகுதியை அவர்கள் வெப்பத்துக்குத் தாரை வார்க்கிறார்கள்.

இழப்பு அவ்வளவோடு நின்றால் கவலையில்லை. பிஸ்டன் மேலேறும்போது கலவை எத்தனை மடங்கு சுருங்குகிறது என்பதை அமுக்க விகிதம் என்கிறோம். மாஸ்டா எஞ்சினில் இது 9.4-க்கு 1. இயல்பாக மூச்சிழுப்பதற்கென்று வகுத்த விகிதம் இது. முன்னமே நெருக்கிச் சூடேறிய காற்றை மறுபடியும் அவ்வாறே சுருக்கினால், தீப்பொறியிலிருந்து பரவும் சுவாலை வந்து சேருமுன், மூலையில் எஞ்சியுள்ள கலவை தானாகவே வெடித்துவிடலாம். தகர டப்பாவில் கூழாங்கற்களைக் குலுக்குவது போன்ற ஓசை எழும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பது இதனையே. மிகையழுத்தத்தின் கீழ் இது சில விநாடிகள் நீடித்தாலும் பிஸ்டனில் வளையங்கள் அமரும் விளிம்பு உடைந்துபோகும். பல மாத உழைப்பு ஒரே மேட்டுச் சாலையில் பாழாவது இவ்விதமே.

அமெரிக்காவில் 1962-இல் வெளியான இரு கார்கள் இதற்கு நல்ல பாடம். கார்வேர் மோன்ஸா ஸ்பைடரில் அமுக்க விகிதத்தை 8-க்கு 1 என்று தாழ்த்தி டர்போவைப் பொருத்தினார்கள். ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயரிலோ 10.25-க்கு 1 என்ற உயர் விகிதம் அப்படியே இருந்தது. வெடிப்பைத் தடுக்க, காய்ச்சி வடித்த நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை எஞ்சினுக்குள் தெளிக்க ஏற்பாடு செய்தனர். மிகையழுத்தமோ வளிமண்டலத்தில் மூன்றில் ஒரு பங்குதான். பொறியியல் நோக்கில் அது நேர்த்தியான ஏற்பாடே. ஆனால் அத்திரவத்தை நினைவாக ஊற்றிவர வேண்டியவர் பொறியியலறிஞர் அல்லர், காரின் சொந்தக்காரர். தொட்டி வறண்டது, டர்போ அடங்கியது, புகார்கள் குவிந்தன. 1963-உடன் அக்காரின் உற்பத்தி நின்றது. அதே அலுமினிய எஞ்சினின் வடிவமைப்பைப் பிரிட்டனின் ரோவர் நிறுவனம் வாங்கி, 1967 முதல் தன் கார்களில் டர்போ இன்றியே ஓட்டியது. பிற்காலத்தில் எத்தனையோ கிட் கார்களுக்கு உயிரளித்ததும் அந்த எஞ்சின் வமிசமே.

எரிபொருளும் தீப்பொறியும் காற்றுக்கேற்ப மாற வேண்டும். மிகையழுத்தத்தில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 12 பங்கு காற்று என்ற அளவில் கலவையைச் செறிவாக வைப்பது வழக்கம். மிகையான பெட்ரோல் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். தீப்பொறியையும் சற்றுப் பிந்தவிட வேண்டும். பழைய எஞ்சினின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி இவற்றை அறியாது. ஆகவே, திருத்தியமைக்கத்தக்க வேறொரு பெட்டியும், பெரிய பெட்ரோல் இன்ஜெக்டர்களும், புகையில் ஆக்ஸிஜனை அளந்து கலவையைக் காட்டும் உணர்கருவியும் வேண்டும். டர்போவின் விலையைக் கேட்டு மகிழ்பவர், இவற்றின் விலையைக் கேட்டபின் மகிழ்வதில்லை.

லேசான காருக்குள் இடமும் நெருக்கடிதான். பெட்ரோல் எஞ்சினின் புகை 800 டிகிரிக்கு மேல் சூடேறும். பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், ஸ்டியரிங் தண்டு யாவும் சாண் அளவு தூரத்தில் இருக்கும். வெப்பத் தடுப்புத் தகடின்றி இவற்றை விட்டுவைப்பது உயிரோடு விளையாடுவதாகும். டர்போவின் அச்சு மிதப்பது எண்ணெய்ப் படலத்தின்மீது. எண்ணெய் உள்ளே போவது அழுத்தத்தால். வெளியேறுவதோ தன் எடையால் மட்டுமே. வெளியேறும் குழாய் அகலமாகவும், வளைவின்றி இறங்குவதாகவும், எண்ணெய்த் தொட்டியில் எண்ணெயின் மட்டத்துக்கு மேலே சேர்வதாகவும் அமையவேண்டும். இதில் பிசகினால் நீலப் புகை கிளம்பும். பழி டர்போ செய்தவர்மேல் விழும்.

இவ்வளவையும் கண்டபின் என் கருத்து இது: 700 கிலோவுக்குள் அடங்கும் கார் 115 குதிரைத் திறனிலேயே விரைந்து பாயும். மேலும் வேண்டுவோர், தேய்ந்த எஞ்சினைச் சீராக்கி, அரை வளிமண்டலத்தோடு நிறுத்திக்கொள்வது நலம். அதற்கு மேல் ஆசைப்படுவோர், தொழிற்சாலையிலேயே டர்போவுடன் பிறந்த எஞ்சினைத் தேடுவதே சிக்கனம்; அதன் பிஸ்டன்களும் எண்ணெய் வழிகளும் இப்பளுவுக்கென்றே வகுக்கப்பட்டவை. கிளட்சும் பிரேக்கும் கூடிய திறனுக்கு ஈடுகொடுக்குமா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிரிட்டனில் இவ்வாறு கட்டிய காரைச் சாலைக்குக் கொண்டுவருமுன், தனி வாகன ஒப்புதல் என்னும் அரசாங்கச் சோதனையில் தேறவேண்டும். நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. ஆகையால் இங்கே இவ்வேலையில் இறங்குவோர், முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது அவசியம்.

பொருத்தி முடித்த எஞ்சினை உடனே தீப்பொறியுடன் இயக்கிவிடலாகாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பெட்ரோலையும் நிறுத்தி, ஸ்டார்ட்டரால் மட்டும் சுழற்றி, எண்ணெய் டர்போவை எட்டியதை அழுத்தமானியில் காணவேண்டும். விரைந்து ஓட்டி வந்தபின், ஓரிரு நிமிடம் மெல்ல ஓடவிட்டே நிறுத்தவேண்டும். உடனே நிறுத்தினால் அச்சைச் சூழ்ந்த எண்ணெய் கருகிக் கரியாகி அங்கேயே தங்கிவிடும்.