ஆவுளியாவுக்கு ஆபத்து ஒரு படி குறைவா?

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் நீலகிரி வரையாடு 'அருகிய இனம்'. கடல்பசு எனப்படும் ஆவுளியாவோ அதைவிட ஆபத்து ஒரு படி குறைந்த 'அழிவாய்ப்பு இனம்'. இதைப் படிப்பவர்கள் ஆவுளியாவைப் பற்றிச் சற்று நிம்மதி அடையக்கூடும். தமிழகக் கடலைப் பொறுத்தவரை அந்த நிம்மதிக்கு இடமே இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வரையாட்டுக்கு உலகில் வேறு வீடு கிடையாது; அதன் உலக நிலையும் உள்ளூர் நிலையும் ஒன்றுதான். ஆவுளியா அப்படியல்ல. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பசிபிக் தீவுகள் வரை பரவிய இனம் அது. ஆஸ்திரேலியாவின் வடகடலில் பல்லாயிரக்கணக்கில் மேய்கிறது. அந்தப் பெருங்கூட்டம்தான் உலகக் கணக்கைத் தாங்கிப் பிடிக்கிறது. இந்தியக் கடல்களில் மிஞ்சியிருப்பவை சில நூறைத் தாண்டாது என்பதே ஆய்வாளர்களின் மதிப்பீடு. 2025-இல் தமிழக மலைகளில் எண்ணப்பட்ட வரையாடுகளோ 1,303.

வகைப்பாட்டைப் பார்த்தால் கவலை இன்னும் கூடுகிறது. வரையாடு மாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. வெகுகாலம் இமயமலைத் தார் ஆட்டோடு ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது. செம்மறியாடே அதற்கு நெருங்கிய உறவு என்று 2005-இல் மரபணு ஆய்வு காட்டியபின் தனிப் பேரினமானது. அந்தப் பேரினத்தில் அது ஒன்றே இருந்தாலும், குடும்பத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. யானைக்குத் தூரத்து உறவான ஆவுளியாவுக்கோ அதன் குடும்பத்திலேயே துணை இல்லை. கடைசித் துணையான ஸ்டெல்லர் கடல்பசுவை 1741-இல் பெரிங் கடலில் கண்டார்கள்; 1768-க்குள் வேட்டையாடியே தீர்த்துவிட்டார்கள்.

ஆஸ்திரேலியாவில் இருக்கும்வரை இனம் அழியாதே, பிறகென்ன என்று கேட்கலாம். அங்குள்ள கூட்டம் இங்கு வந்து பாக் நீரிணையின் கடற்புல்லை மேயப்போவதில்லை. ஆவுளியாவின் சினைக்காலமே 13 மாதங்களுக்குக் குறையாது. ஈற்றுக்கு ஒரு குட்டி, அடுத்த ஈற்றுக்குச் சில ஆண்டுகள். இழப்பை அது விரைவில் ஈடுகட்டாது. நாட்டுக்கொரு தரவரிசை கொடுத்தால் பட்டியலே குழம்பிவிடும் என்பது இன்னொரு வாதம். உலக அளவில் ஒப்பிட ஒரே அளவுகோல் தேவைதான். ஆனால் அதே சங்கம் 2022-இல் கிழக்கு ஆப்பிரிக்க ஆவுளியாவைத் தனியே மதிப்பிட்டு, 'மிக அருகியது' என்று அறிவித்தது. பாக் நீரிணைக்கும் அப்படியொரு மதிப்பீடு வேண்டும்.

அதே ஆண்டில் தமிழக அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாக் காப்பகமாக அறிவித்தது நல்ல தொடக்கம். இருந்தும் கண்ணுக்குத் தெரியும் பாறையில் நிற்கும் ஆட்டைக் காப்பதுபோல் ஆவுளியாவைக் காப்பது எளிதல்ல. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சுவிட வேண்டிய விலங்கு இது. வலையில் சிக்கினால் நீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துப்போகும். வலையை அறுத்து அதை விடுவிக்கும் மீனவருக்கு ஊக்கத்தொகை தரப்படுகிறது. அறுபட்ட வலையின் முழு விலையும் தாமதமின்றி அவர் கைக்கு வந்தால்தான், அடுத்த முறையும் கத்தியை எடுக்க அவருக்குத் தயக்கம் இராது.