பகிர்ந்த கோப்புக்கு உரிமையாளர் யார்?

புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனமும் தூரக்கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சுப் பள்ளியும் பாதுகாத்துவரும் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஏறத்தாழ 11,000 சுவடிகள். அவற்றில் பலவற்றின் படங்களை இன்று இணையத்திலேயே பார்க்கலாம். ஓலையைப் படமெடுப்பதோடு இத்தகைய வேலை முடிவதில்லை. ஒருவர் எடுத்த படத்துக்கு இன்னொருவர் பெயரிடுவார்; மூன்றாமவர் விவரக்குறிப்பு சேர்ப்பார். பலர் கைபடும் எந்தத் தொகுப்பையும் ஒரே சர்வரில் வைத்து, அவரவர் கணினியில் மவுண்ட் செய்து, அதாவது சொந்தக் கோப்புறைபோல் இணைத்து, திறப்பதுதான் வசதி.

அந்தக் கணினியில் லினக்ஸ் இருந்தால் பெரும்பாலும் ஒரு தடங்கல் வரும். படம் திறக்கும், சேமிக்கப் போனால் ‘அனுமதி இல்லை’ என்று நிற்கும். பட்டியலிட்டுப் பார்த்தால் எல்லாக் கோப்புக்கும் உரிமையாளர் ‘ரூட்’, அதாவது கணினியின் தலைமை நிர்வாகி.

அந்த ரூட்டைப் போட்டது நம் கணினியேதான். லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர் எண் ஒன்று இருந்தாக வேண்டும். விண்டோஸ் உலகில் பரவலான எஸ்எம்பி பகிர்வில் அப்படியோர் எண் பெரும்பாலும் வருவதில்லை. வராத இடத்தில் லினக்ஸ் தானாக 0 என்று நிரப்புகிறது. 0 என்றால் ரூட்.

உடனே பலரும் உரிமையாளரை மாற்றும் ‘சோன்’ கட்டளையை ஓட்டுவார்கள். பயனிருக்காது, மாற்றியதை எழுதிவைக்க அந்தச் சர்வரில் இடமில்லை. மவுண்ட் செய்யும்போதே சொல்லிவிட வேண்டும்: யூஐடி (பயனர் எண்) 1000, ஜிஐடி (குழு எண்) 1000, ஃபைல் மோட் 0664, டைரக்டரி மோட் 0775. உபுண்டு, டெபியனில் முதலில் உருவாக்கும் பயனருக்கு வழக்கமாக 1000தான் எண். ‘ஐடி’ கட்டளை உங்கள் எண்ணைக் காட்டும். இவற்றை மவுண்ட் விவரங்களுக்கான எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதிவிட்டால் ஒவ்வொரு முறையும் தட்டச்சிட வேண்டாம். கடவுச்சொல்லை மட்டும் அங்கே எழுதாதீர்கள். அந்தக் கோப்பை எல்லாரும் படிக்கலாம். ரூட் மட்டும் படிக்கக்கூடிய தனிக் கோப்பில் வைத்து, அது இருக்கும் இடத்தைக் குறிப்பிட்டால் போதும்.

வேலை நடந்தால் சரியென்று, எல்லாருக்கும் எல்லா உரிமையும் தரும் 0777ஐக் கொடுப்பது கெட்ட பழக்கம். மவுண்ட் செய்தபோது கொடுத்த ஒரே கணக்கின் பெயரில்தான் சர்வர் எல்லாரையும் பார்க்கிறது. ஆகவே அந்தக் கணினியில் நுழையும் எவரும் மூலப்படங்களை அழித்துவிடலாம். எதிர்ப்பக்கமும் உண்டு: அந்தக் கணக்குக்குச் சர்வர் எழுதும் உரிமை தராவிட்டால், இங்கே எந்த எண் போட்டாலும் எழுத முடியாது.

என்எஃப்எஸ் பகிர்வின் கதை வேறு. அதில் எண் சர்வரிலிருந்தே வருகிறது. மவுண்டில் யூஐடி கொடுக்க வழியில்லை. அந்த எண் யாரைக் குறிக்கிறது என்பதுதான் இங்கே சிக்கல். புதுச்சேரி நகராட்சிப் பிறப்புப் பதிவேட்டின் 1000ஆம் பதிவும் உழவர்கரை நகராட்சியின் 1000ஆம் பதிவும் ஒரே ஆளல்லவே. அதேபோல் ஒரு கணினியின் 1000 இன்னொன்றில் வேறொருவராக இருக்கலாம். எல்லாக் கணினிகளிலும் ஒருவருக்கு ஒரே எண் கொடுத்துவிடுவதே இதற்கு எளிய வழி. ‘சூடோ’ போட்டு மீறலாம் என்றால் அதுவும் நடக்காது: இயல்பான அமைப்பில், ரூட்டாக வருபவரை சர்வர் ‘நோபடி’ என்ற உரிமையற்ற பயனராக மாற்றிவிடும்.